கரடியனாற்றுக்குப் போன தண்ணீர்

இல்லை, மூக்கு எங்கள் பக்கம் இல்லை. நெற்றி எங்களுடையது, காது எங்களுடையது, விரல்கள் என் மனைவியின் விரல்கள். அழுகிற சத்தம் யாருடையது என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. ஆனால் மூக்கு என்னுடையது என்று நான் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். நடுவில் சின்ன மேடு, நுனியில் அகலம். பிறந்த அன்றே ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு என் மனைவி சொல்லிவிட்டாள்.

"அந்தா, விதானையார் வந்து பிறந்திரிக்காரு."

விதானையார் என்று அவள் சொன்னது நல்லரத்தினம் மச்சானை. என் மகள் தனுஷாவின் மாமனார். என் பேத்தி கிருஷிகாவுக்கு நான் அம்மப்பா என்றால் அவர் அப்பப்பா. நான் வாவியில் வலை போட்டுப் பிழைப்பவன், அவர் கரடியனாற்றில் வயல் செய்பவர். நான் தண்ணீருக்குள் நிற்பேன், அவர் தண்ணீரை நடத்திக்கொண்டு போவார்.

ஒரே வாய்க்காலில் தண்ணீர் வாங்குகிற வயல்கள் எல்லாம் சேர்ந்தது ஒரு வட்டை. அந்தத் தண்ணீரை இன்றைக்கு யாருக்கு விடுவது, யாருக்கு மறிப்பது என்று பார்க்க வயல்காரர்கள் கூட்டம் வைத்து ஒருவரைத் தெரிவுசெய்வார்கள். அவர்தான் வட்டை விதானை. நல்லரத்தினம் மச்சானை ஒருமுறை தெரிவுசெய்தார்கள். அதற்குப் பிறகு வேறு ஆளைத் தெரிவுசெய்ய யாருக்கும் தோன்றவில்லை. மாரிப்போகத்தில் இந்த வேலை பெரிய காரியமில்லை. மழை பெய்யும், எல்லோருக்கும் தண்ணீர் கிடக்கும். கோடையில் செய்கிற போகத்தில்தான் மனிதர் யாரென்று தெரியும். ஒரு கோடையில் அவருடைய சொந்த மைத்துனர் முறை தப்பிக் கதவைத் திறக்க வந்திருக்கிறார். இவர் குடையை விரித்துக்கொண்டு வாய்க்கால் கதவின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாராம். கடைக்கோடி வயல்காரனுக்குத் தண்ணீர் போய்ச் சேரும் வரைக்கும் இறங்கவில்லை. அந்தப் போகத்தில் அவருடைய சொந்த வயலில் ஒரு துண்டு காய்ந்து போனது.

யுத்தத்தில் இடம்பெயர்ந்து பல வருஷம் இங்கே கரைப்பக்கம் கூலி வேலை செய்து இருந்தவர்கள் அவர்கள். ஊருக்குத் திரும்பியபோது வாய்க்கால் காடாய்க் கிடந்தது. வீட்டுக்குக் கூரை போட முன்னம் அவர் வாய்க்காலைத்தான் வெட்டினார். அவர் மனைவி அன்னப்பூரணி மச்சாள் இன்றைக்கும் அதை எடுத்து வைத்துச் சண்டை பிடிப்பார்.

"நான் புள்ளைகளோட தறப்பாளுக்குக் கீழ கிடக்கன். இவரு மண்வெட்டியோட வாய்க்காலுக்குப் போறாரு. கேட்டா, தண்ணி வந்தாத்தான் சோறு வருமாம். வீட்டுக்குள்ள மழைத்தண்ணி வந்ததே, அதுக்கு என்ன சோறு வந்த?"

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அப்படித்தான் அவர்களுடைய மகன் சதீசன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதனால் பேத்தி என் வீட்டில். காலையில் கண் விழித்தால் எனக்கு அவள் முகம். நல்லரத்தினம் மச்சான் அவளைப் பார்க்க வேண்டுமென்றால் மோட்டார் சைக்கிளில் அந்தத் தூரத்தை ஓடி வரவேண்டும். இதில் எனக்குள்ள சந்தோஷத்தை நான் ஒருபோதும் ஒளித்ததில்லை.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அவர் முதன்முதலாக வந்தபோது, மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் வெறும் கேன்கள் தொங்கின. பின்னால் அன்னப்பூரணி மச்சாள் மடியில் இன்னொரு கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"என்ன மச்சான், மண்ணெண்ண யாவாரம் துவங்கிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"தண்ணிக்கு மச்சான். போகக்குள்ள உங்கட பைப்புத் தண்ணி நிரப்பிக்கொண்டு போவம் எண்டு."

உள்ளே வந்தார். பிள்ளையைப் பார்க்க முன்னம் தண்ணீர் கேட்டார். என் மனைவி ஜக்கில் கொண்டுவந்து கொடுத்தாள். கிளாஸைத் தேடவில்லை, ஜக்கோடு அண்ணாந்து குடித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் சலம் கழிக்கப் பின்வளவுப் பக்கம் எழும்பிப் போனார். வந்தார். திரும்பவும் தண்ணீர் கேட்டார். பிறகு திரும்பவும் எழும்பினார். பேத்தியை மடியில் வாங்குவார், கையில் கொடுப்பார், எழும்புவார். கிழமை கணக்கில் காய்ந்த வயல்கூட அப்படி உறிஞ்சாது. ஆளும் மெலிந்து போயிருந்தார். சேர்ட்டின் தோள் முழங்கையை நோக்கி இறங்கியிருந்தது.

"எங்கட கிணத்துத் தண்ணி சரியில்ல மச்சான்" என்றார். "எவ்வளவு குடிச்சாலும் விடாய் அடங்குதில்ல. குடிக்கக் குடிக்க நாக்கு காயுது. அந்தத் தண்ணிதான் கிட்னிய அரிக்கிற. மேற்குப் பக்கம் எத்தின ஊர்ல எத்தின பேருக்குக் கிட்னி போன! எல்லாம் தண்ணியாலதான். நான் இனி அந்தக் கிணத்துல வாய் வைக்கிறல்ல."

அப்போதுதான் சதீசன் வேலை முடிந்து வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். தகப்பன் சொன்னது காதில் விழுந்திருக்கிறது.

"அப்பா, இஞ்ச பைப்புல வாற தண்ணி எங்க இருந்து வாற எண்டு தெரியுமா?"

"எங்க இருந்து?"

"உங்கட பக்கத்துக் குளத்துல இருந்துதான். அங்கால இருந்து குழாயில இஞ்ச வருது. நீங்க இஞ்ச இருந்து கேன்ல அங்கால கொண்டு போறீங்க."

வீடு முழுக்கச் சிரிப்பு. என் மனைவி சிரித்த சிரிப்பில் பிள்ளை எழும்பிவிட்டாள். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை.

"அது வடிச்சு மருந்து போட்டு வாற தண்ணிடா. கிணத்துத் தண்ணியும் அதுவும் ஒண்டா?"

அன்னப்பூரணி மச்சாள் பிள்ளையின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார்.

"தண்ணிய மாத்துறாரு. சலம் நுரைக்குது எண்டாலும் கிணத்துக்குள்ள ஆரோ சவர்க்காரம் போட்டெண்டு சொல்லுறாரு. குளிசைய நிப்பாட்டினத மட்டும் சொல்லமாட்டாரு."

சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, அவருக்கு இருப்பது எங்களுக்குத் தெரியும். கலியாணம் பேச வந்த நாளிலேயே தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்றவர். கிளினிக்கில் கொடுக்கிற குளிசையை ஒழுங்காகக் குடிக்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். தைப்பொங்கலோடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஓம், நிப்பாட்டினன்தான்" என்றார் அவர். "குளிசைதான் கிட்னிய திங்கிற. அண்ணனுக்கு என்ன நடந்த?"

அவருடைய மூத்தவர் அருளம்பலம் என்று ஒருவர் இருந்தார். அவருக்கும் இதே வருத்தம். கை நிறையக் குளிசை விழுங்கிய மனிதர். கடைசியில் கிட்னி இரண்டும் போய், கிழமைக்குக் கிழமை ஆஸ்பத்திரியில் மெசினில் படுத்து இரத்தம் கழுவினார். கரடியனாற்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அவரைப் பின்னால் இருத்தி ஏற்றிக்கொண்டு வந்தது இந்தத் தம்பிதான். வரும்போது அண்ணனைத் தன்னோடு சேர்த்துச் சாரனால் கட்டிக்கொண்டு வருவாராம், விழுந்துவிடாமல். போன வருஷம் அவர் காலமானார்.

"நான் அந்த மெசின்ல கிடக்க மாட்டன்" என்றார் மச்சான். மடியில் கிடந்த பேத்தியின் வயிற்றில் கை வைத்திருந்தார். "இவ நடக்கணும். இவவக் கூட்டிக்கொண்டு போய் நான் வாய்க்கால் காட்டணும். அதுக்குக் கிட்னி வேணும். கிட்னி வேணுமெண்டா குளிசை கூடாது."

தன் கிட்னியைக் காப்பாற்றத்தான் அந்த மனிதர் குளிசையை விட்டார். கேன்கள் நிரம்பின. இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு, வாழைச்சேனையிலிருந்து மீன் ஏற்றுகிற ஆள் மாதிரி போனார்கள்.

பிறகு வந்தது முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு, பிறந்த வீட்டுத் தீட்டைக் கழிக்கிற நாள். ஐயரைக் கூப்பிட்டு, வீடு கழுவி, தலைமுடி இறக்கி, பால் பொங்கினோம். பிள்ளைக்கு வெள்ளி அரைஞாண் கொண்டுவந்து கட்டுவது தகப்பன் பக்கத்தாரின் உரிமை. நல்லரத்தினம் மச்சான் வெள்ளை வேட்டியோடு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தனுஷா பிள்ளையை அவர் மடியில் வைத்தாள். அவர் அரைஞாணை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தார். கொழுக்கியை வளையத்தில் மாட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மாட்டுப்படவில்லை. கொழுக்கி வளையத்துக்கு இந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கம் போகிறது. பிள்ளை நெளிகிறாள். அவர் கண்ணைச் சுருக்குகிறார், அரைஞாணைத் தூரத்தில் பிடிக்கிறார், கிட்டப் பிடிக்கிறார்.

"வாய்க்கால் கதவு தூக்குற கைக்குக் கொழுக்கி புடிபடுதில்ல" என்றது ஒரு குரல். சனம் சிரித்தது.

"விதானையார் முறை பாத்துத்தான் மாட்டுவாரு. புள்ளைக்கு முறை இன்னும் வரல்ல போல!" என்றது இன்னொன்று.

தனுஷா சிரிக்கவில்லை. குனிந்து, மாமனாரின் கைக்கு மேலே தன் கையை வைத்து, அவர் மாட்டுகிற மாதிரியே கொழுக்கியை மாட்டிவிட்டாள். பக்கத்தில் இருந்த எனக்குத்தான் தெரிந்தது, மற்றவர்களுக்கு அவர் மாட்டிய மாதிரித்தான் இருந்திருக்கும். பிறகு மெல்லக் கேட்டாள்.

"மாமா, கண்ணுக்கு என்ன?"

"ஒண்டுமில்ல கா. சாம்பிராணிப் புகை."

"சாம்பிராணி இன்னும் போடல்ல மாமா."

அவர் பிள்ளையின் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். பிறகு அவளுக்கும் பக்கத்தில் இருந்த எனக்கும் மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"கொஞ்ச நாளா எல்லாம் புகையாத்தான் இரிக்கு. மூக்கு என்ட மூக்கு, என்ட மூக்கு எண்டு எல்லாரும் சொல்லுறீங்க. நானும் ஓம் ஓம் எண்டுறன். எனக்கு மூக்குத் தெரியல்ல கா. முகம் இரிக்கெண்டு தெரியுது, அவ்வளவுதான்."

பந்தி முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு தனுஷா அறைக்குள் போய் ஒரு சின்னப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குக் கர்ப்பத்தில் சீனி கூடியிருந்தது. கிருஷிகா வயிற்றில் இருந்த அத்தனை மாதமும் விரலைக் குத்திக் குத்தி அந்தச் சின்ன மெசினில் பார்த்தவள். சோற்றை அளந்து தின்று, மாம்பழக் காலத்தில் மாம்பழத்தைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவள். பிள்ளை பிறந்த பிறகு அவளுக்குச் சரியாகிவிட்டது. மெசின் அலுமாரியில் கிடந்தது.

"மாமா, விரலத் தாங்க."

"எனக்கு என்னத்துக்கு? நான் இப்பத்தான் பாயாசம் குடிச்சன். கூடத்தான் காட்டும்."

"கூடக் காட்டட்டும். தாங்க."

"நாளைக்குப் பாப்பம் கா."

தனுஷா பிள்ளையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். பிள்ளையைப் பிடிக்க ஒரு கை வேண்டுமல்லவா, மற்றக் கையை இவள் பிடித்துக்கொண்டாள்.

"இவவுக்காக நான் எத்தின மாசம் குத்தினன். ஒரு நாள் நீங்க குத்தக் கூடாதா?"

அவர் விரலை நீட்டினார். புது ஊசி போட்டுக் குத்தினாள். ஒரு துளி இரத்தம். மெசின் கொஞ்சம் யோசித்தது. நம்பர் வந்தபோது தனுஷா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, சதீசனிடம் நீட்டினாள். நானூறைத் தாண்டி நின்றது.

"மெசின் பழுது" என்றார் மச்சான்.

"பழுதா?" என்றார் அன்னப்பூரணி மச்சாள். "அப்ப உங்கட மச்சானுக்கும் குத்திப் பாப்பம். அவரும் இப்பத்தானே பாயாசம் குடிச்ச. ரெண்டு கிளாஸ். நான் பாத்துக்கொண்டுதான் இருந்தன்."

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை. விரலைக் கொடுத்தேன். ஊசியை மாற்றிக் குத்தினாள் மகள். என்னுடையது ஒழுங்காக இருந்தது.

"அவரு வாவி மீன் திங்கிற ஆளு" என்றார் மச்சான். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் குரலில் பலமில்லை. கையில் பஞ்சைப் பிடித்தபடி இருந்தார். பிள்ளை அவருடைய மற்றக் கையின் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு நித்திரையாகிவிட்டாள். "சரி" என்றார் கடைசியாக. "எங்க போகணும் எண்டு சொல்லுங்க."

சதீசன் ஆட்டோவைக் கூப்பிட்டார். அப்படியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வார்ட்டில் சேர்த்து, சேலைன் ஏற்றி, ஊசி போட்டார்கள். இரத்தம் எடுத்தார்கள், சலம் எடுத்தார்கள். அடுத்த நாள் ஒரு டொக்டர் பெண்பிள்ளை வந்தா. வயது எங்கள் தனுஷாவை விடக் கொஞ்சம் கூட இருக்கும். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கதைத்தது அவரைப் பாதி வென்றுவிட்டது என்று நினைக்கிறேன்.

"ஐயா, இப்ப என்ன என்ன மருந்து குடிக்கிறீங்க?"

"ஒண்டுமில்ல. எல்லாத்தையும் நிப்பாட்டிட்டன்."

அன்னப்பூரணி மச்சாள் கைப்பையைத் திறந்து, பாதி தீர்ந்த ஒரு குளிசை மட்டையை எடுத்துக் கட்டிலில் போட்டார்.

"அப்ப இது என்ன, இனிப்பா?"

"அது கால் எரிவுக்கு" என்றார் அவர். "வரம்பால நடந்து வந்தாப் பின்னேரத்துல ரெண்டு காலும் எரியும். பாமசியில வாங்கிப் போடுறன். அது சீனிக் குளிசை இல்லையே. அது இதுல சேராது."

டொக்டர் மட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தா.

"ஒவ்வொரு நாளுமா ஐயா?"

"ஒவ்வொரு நாளும் எண்டில்ல. எரியிற நாளையில."

"எரியாத நாள் எது?" என்றார் மச்சாள்.

டொக்டர் சிரிக்கவில்லை, கோபிக்கவுமில்லை. "கிட்னிக்குக் கூடாததெண்டு நீங்க விட்டது சீனிக் குளிசைய" என்றா. "கிட்னிக்கு உண்மையிலயே கூடாதது இந்த வலிக் குளிசைதான். உங்கள மாதிரி ஆக்கள் எங்களைக் கேக்காம இதத் தொடவே கூடாது. கால் எரியிறதும் சீனியாலதான். கண் புகையிறதும் சீனியாலதான். இரத்தத்துல சீனி கூடினா உடம்பு அதச் சலத்தோட வெளியில தள்ளப் பாக்கும். தண்ணியும் சேந்து போயிரும். அதுதான் விடாய். கிணத்தச் சோதிச்சுப் பாக்கிறதெண்டா பாருங்க, அதுல பிழையில்ல. ஆனா இந்த விடாய்க்குக் காரணம் கிணறில்ல."

"அப்ப கிட்னி?" என்றார். வார்ட்டில் அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அந்தக் கேள்விக்காகத்தான் அவர் ஆஸ்பத்திரிக்கே வராமல் இருந்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"சலத்துல புரதம் போகத் துவங்கியிருக்கு ஐயா. அதான் நுரை. இரத்தத்திலயும் கிட்னி கழிக்க வேண்டிய கழிவு கொஞ்சம் கூடியிருக்கு. போனது போனதுதான், அதத் திருப்பிப் புதிசாக்க ஏலாது. ஆனா கனக்க மிச்சமிருக்கு. சீனியையும் பிரசரையும் அடக்கி வெச்சா மிச்சத்தக் காப்பாத்தலாம். மூண்டு மாசத்தால திரும்பச் சோதிச்சாத்தான் அது நிக்குதா, இன்னும் இறங்குதா எண்டு தெரியும்."

"என்ட அண்ணன் குளிசை குடிச்சுத்தானே..."

"அவர நான் பாக்கல்ல. பாக்காத ஆளப் பத்தி நான் சொல்லக் கூடாது. அவரு எப்ப இருந்து குடிச்சவரு?"

மச்சான் யோசித்தார். அன்னப்பூரணி மச்சாள்தான் பதில் சொன்னார். "கால் வீங்கினதுக்குப் பிறகுதான். அதுக்கு முதல் எத்தினையோ வருசம் கிளினிக் பக்கமே போகல்ல."

டொக்டர் எழும்பி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டா. மச்சான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அன்றைக்கு முழுக்க அண்ணனைப் பற்றித்தான் நினைத்திருப்பார்.

பின்னேரம் நான் சாப்பாடு கொண்டு போனபோது எழும்பி உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், குளத்துக் கதவுல ஒரு கசிவு விழுந்தா, தண்ணிய வெச்சுக்கொண்டு அத அடைக்க ஏலா" என்றார். "ஆனா குளத்துல மட்டத்தக் குறைச்சா கசிவும் குறையும். அப்பிடித்தான் இதுவும் எண்டு விளங்குது."

"விளங்கினாச் சரிதானே."

"விளங்குறது லேசு. மட்டத்தக் குறைக்கிறது சோத்துலயல்லவா!"

அதுதான் நடந்தது. ஊருக்குப் போன பிறகு பெரிய சண்டை சோற்றில்தான். சொந்த வயல் அரிசி, வீட்டுக்குள் மூட்டை மூட்டையாய் அடுக்கிக் கிடக்கிறது. அன்னப்பூரணி மச்சாள் கோப்பையில் அளந்து வைக்கிறார். ஒருநாள் எனக்குப் போன் வந்தது.

"மச்சான், ஊருக்கெல்லாம் தண்ணி அளந்து விட்ட எனக்கு இவ சோறு அளந்து விடுறா. கூடக் கேட்டா, உங்கட முறை முடிஞ்சிட்டாம்!"

பின்னால் மச்சாளின் குரல் கேட்டது. "கதவு மேல குடையோட ஏறி இருக்கிறது அவருக்கு மட்டும்தான் தெரியுமா எண்டு கேளுங்க!"

சண்டையிலும் வேலை நடந்தது. காலையில் குளிசை, இரவில் குளிசை, பிரசருக்கு ஒன்று. உப்புக் கருவாட்டை விட்டார். அது அவருக்குச் சோற்றை விடப் பெரிய இழப்பு. சும்மா சொல்லக்கூடாது, எல்லாம் ஒழுங்காகவும் போகவில்லை. அறுவடை நாட்களில் குளிசையை மறந்திருக்கிறார். ஒரு கோயில் சடங்கில் சர்க்கரை அமுதை இரண்டு முறை வாங்கித் தின்றிருக்கிறார். மைத்துனர் அதைப் பார்த்துவிட்டு மச்சாளிடம் சொல்லிவிட்டார். கதவைத் திறக்க விடாத அந்தப் பழைய கோபம் அவருக்கு இன்னும் இருந்திருக்கும். ஆனால் வலிக் குளிசையை மட்டும் அதற்குப் பிறகு தொடவேயில்லை. கால் எரிவுக்குக் கிளினிக்கில் வேறு மருந்து கொடுத்தார்கள்.

விடாய் மெல்ல மெல்லக் குறைந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் பிள்ளையைத் தூக்குவார். தண்ணீர் பிறகுதான், அதுவும் ஒரு கிளாஸ். கேன் கொண்டுவருவதை அவரே விட்டுவிட்டார். நாங்களும் கேட்கவில்லை. கண்ணும் தெளிந்தது. தெளிந்த அன்று பிள்ளையை முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டு போய், தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ட மூக்கில்ல மச்சான்" என்றார். "என்ட அம்மாட மூக்கு. எனக்கு வந்ததும் அவட்ட இருந்துதான்." அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவர் முற்றத்திலேயே நின்றார். நான் வலை பார்க்கிற மாதிரி அங்கால் போய்விட்டேன்.

போன கிழமை மூன்று மாதச் சோதனைக்கு இரத்தமும் சலமும் கொடுத்தார்கள். முடிவு இன்றைக்கு. நேற்று அன்னப்பூரணி மச்சாள் என் மனைவியோடு போனில் கனநேரம் கதைத்தார். மனிதர் இரண்டு நாளாக யாரோடும் சரியாகப் பேசுகிறாரில்லையாம். இன்றைக்குக் காலையில் வட்டைக் கூட்டம் வைக்க இருந்ததை அவரே பின்னுக்குப் போட்டாராம். எத்தனையோ வருஷத்தில் ஒரு கூட்டத்தைத் தன்னுடைய காரியத்துக்காக அவர் தள்ளிவைத்தது இதுதான் முதல் தடவை. சதீசன் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாராம். "அவரு கேக்கப் போற சேதிய ஒருத்தருக்கு முன்னாலயும் கேக்க விருப்பமில்ல போல" என்றாராம் மச்சாள். அது என் மனைவியின் மனதில் ஏறிவிட்டது. விடிய எழும்பி விளக்கு ஏற்றினாள். தேத்தண்ணி ஊற்றும்போது எனக்குச் சீனி போட மறந்துவிட்டாள். நானும் சொல்லவில்லை, அப்படியே குடித்தேன்.

கிருஷிகா குப்புறப் பிரண்டு, தலையைத் தூக்கி, பாயில் ஓடுகிற ஒரு எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. தனுஷா ஓடிவந்தாள், சதீசன் சேர்ட்டுக்குப் பொத்தான் போட்டபடி வந்தார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தேன். முதலில் ஆஸ்பத்திரி இரைச்சல்தான் கேட்டது. யாரோ இலக்கம் கூப்பிடுகிற சத்தம், கதிரை இழுபடுகிற சத்தம்.

"மச்சான்?" என்றேன். "மச்சான், கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. வெளியில வாங்குல குந்திக்கொண்டு இரிக்கன்" என்றார் நல்லரத்தினம் மச்சான். "கிட்னி போன முறை நிண்ட இடத்துலயே நிக்குதாம் மச்சான். இறங்கல்லயாம். இதப் புடிச்சுக்கொண்டு போகச் சொல்லுறா டொக்டர் புள்ள. சரி, அத விடுங்க. புள்ளைக்குச் சோறு தீத்துறதுக்கு நாள் பாத்திட்டீங்களா? வாற கிழமை வெச்சாலும் நான் வருவன். மறுகா அவட பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் கூட்டிக்கொண்டு போறதும் நான்தான், அத இப்பவே சொல்லிப்போட்டன்."